பேர்த்த நாளுக்கும் கூலி உண்டு

கடன் நாற்பத்தோராயிரத்து அறுநூற்று ஐம்பது ரூபாய். வட்டி கிடையாது. கொடுத்தவன் தையல்காரியின் கூடப்பிறந்த அண்ணன். வாங்கியது அவளுடைய பித்தப்பைக் கல்லை எடுக்க. இருந்தாலும் தங்கச்சிக்குக் கொடுத்த பணம் என்று அவன் ஒரு நாளும் சொன்னதில்லை. மாப்பிள்ளைக்குக் கொடுத்த முன்பணம் என்றுதான் சொல்வான். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறே என்று சும்மாவா சொல்லி வைத்தார்கள்.

அண்ணன் டைல்ஸ் மேஸ்திரி. நாற்பது ஆட்களை வைத்து வேலை வாங்குகிறவன். அவன் குரல் மூன்றாவது மாடியில் கிளம்பினால் கீழே சிமெண்ட் குழைக்கிறவன் கை தானாக வேகமாகும். தையல்காரியின் புருஷன் அந்த நாற்பதில் ஒருத்தன். பதினெட்டு வருஷமாகத் தரையில் மண்டி போட்டு முட்டி இரண்டும் காய்ச்சுப் போனவன். ஆட்கள் அவனைத் 'துண்டு' என்று கூப்பிடுவார்கள். வேலை முடிந்து எல்லாரும் கை கழுவிக்கொண்டு கிளம்பும்போது அவன் மட்டும் குப்பைமேட்டில் குந்தி, உடைந்த சில்லுகளைப் பொறுக்கிச் சாக்கில் போட்டுக்கொண்டிருப்பான்.

"அவனவன் வீட்டுக்கு ஏதாவது தின்ன வாங்கிட்டுப் போறான். நீங்க கல்லு வாங்கிட்டு வர்றீங்க" என்பாள் தையல்காரி. "வயித்துல இருந்த கல்லைக் காசு குடுத்து எடுத்தோம். இதை யாரு எடுக்கிறது?"

ஒருமுறை ஒரு டாக்டரம்மா வீட்டில் வேலை. பின்பக்கம் துணி துவைக்கும் இடத்தில், முழு டைல்ஸ் உட்காராத ஒரு மூலை. யாரும் கேட்காமலே அந்த மூலையில் துண்டு தன் சில்லுகளை வைத்து ஒரு கொக்கை நிறுத்திவிட்டான். ஒற்றைக்காலில், தலையைச் சாய்த்து, மீன் வருமா வராதா என்று பார்க்கிற கொக்கு. அரைநாள் வீண் என்று மேஸ்திரி கத்தினான். டாக்டரம்மா கத்தவில்லை. அடுத்த வருஷம் சொந்தமாக ஒரு மருத்துவமனை கட்டியபோது, அந்தக் கொக்குக்காரர் எங்கே என்று ஆள் அனுப்பிக் கேட்டார்கள். நோயாளிகள் காத்திருக்கும் கூடத்தில் பன்னிரண்டடிக்கு ஆறடி சுவர். படம் என்ன என்று கேட்டதற்கு, "உங்க இஷ்டம்" என்றார்கள்.

இஷ்டம் என்ற சொல்லை அவனிடம் அதுவரை யாரும் சொன்னதில்லை. அவன் காதில் விழுந்ததெல்லாம் மட்டம், நேர், சீக்கிரம் என்ற மூன்றும்தான்.

அவன் யோசித்து யோசித்து ஒரு படத்தைச் சொன்னான். திடீரென்று மழை. மூடிய கடை ஒன்றின் தாழ்வாரத்தில் ஒதுங்கி நிற்கிற ஜனங்கள். அவ்வளவுதான்.

"வர்றவங்களுக்கு ஏற்கெனவே சளி. நீங்க வேற மழையைக் காட்டப் போறீங்களாக்கும்" என்றாள் மனைவி. ஆனாலும் சிரித்தாள்.

மேஸ்திரி வந்து உட்கார்ந்து கடன் பேச்சை முடித்தான். வெளியூரில் பெரிய ஓட்டல் ஒன்று. குளியலறை மட்டும் நூறுக்கு மேல். ஆறு மாதம் கழித்து அங்கே வேலை தொடங்குகிறது.

"அதுவரைக்கும் உன்னை விட்டுட்டேன் மாப்ள. அதுக்குள்ள சுவத்தை முடிச்சு, காசை வாங்கி, கடனைக் கட்டு. கட்டிட்டேன்னா நீ ராஜா. இல்லேன்னா முதல் தேதி காலையில வண்டி வரும். ஏறி உக்காந்துடு. கடன் கழியுற வரைக்கும், ரெண்டு வருஷமோ மூணு வருஷமோ, இந்தக் கொக்கு குருவி எல்லாம் மறந்துடணும்."

"சரி மச்சான்" என்றான் துண்டு. அவனுக்கு அப்போது நாற்பத்தேழு. மூன்று வருஷம் இன்னொருமுறை மண்டி போட்டால் அந்த முட்டிகள் பிறகு எந்தச் சுவர் முன்னாலும் நிற்காது. அது மூன்று பேருக்கும் தெரியும்.

வீட்டின் பின்னறையைக் காலி செய்தார்கள். ஆறு சிமெண்ட் பலகைகள் வந்து சுவரோடு சாய்ந்து நின்றன. இங்கேயே சில்லு ஒட்டி முடித்து, பிறகு கொண்டுபோய்ச் சுவரில் திருகி, சந்து தெரியாமல் பூசிவிட வேண்டும். முன்னறையில் அவளுடைய தையல் மிஷின். பள்ளிச் சீருடை, திரைச்சீலை, தலையணை உறை, கிழிந்தது, பிரிந்தது எல்லாம் தைப்பாள். அவர்களுடைய மகள் தாதிப் படிப்புக்கு வெளியூர் விடுதியில் இருந்தாள். ஆக வீட்டில் இருவர்தான். நடுவில் ஒரு சுவர்.

முதல் மாதம் அவன் செய்த வேலையைச் சொன்னால் சிரிப்பு வரும். சில்லுகளை நிறவாரியாகப் பிரித்தான். பிறகு அளவுவாரியாகப் பிரிப்பதே நல்லது என்று தோன்றி எல்லாவற்றையும் கலந்துவிட்டு மறுபடி பிரித்தான். பக்கெட்டைக் கழுவினான். சில்லு வெட்டும் குறட்டுக்கு எண்ணெய் விட்டான். சில்லு வைக்க அலமாரி ஒன்று செய்தான், அது ஆடியது, அதற்கு முட்டுக்கொடுக்க இரண்டு நாள். மழைக்கு ஒதுங்கி நிற்கிறவர்கள் எப்படி நிற்பார்கள் என்று பார்த்து வரக் கடைத்தெருவுக்குப் போனான். அன்றைக்கு நல்ல வெயில். டீ குடித்துவிட்டு வந்தான்.

"இன்னைக்கு என்னங்க ஆச்சு?"

"நீலத்துல ஒரு குழப்பம்."

"நேத்து?"

"நேத்தும் நீலம்தான்."

"இந்த நீலம் தெளியுறதுக்குள்ள என் தலை வெளுத்துடும் போலிருக்கே."

ஒருநாள் அவனே முன்னறைக்கு வந்து மிஷின் பக்கத்தில் உட்கார்ந்தான். கையிலிருந்த சிமெண்டைச் சுரண்டிக்கொண்டே சொன்னான்:

"எனக்கு ஒண்ணு புரியுதும்மா. பதினெட்டு வருஷமா உங்க அண்ணன் கத்தித்தான் என் கை ஓடியிருக்கு. கத்த ஆளில்லேன்னா கை சும்மா கெடக்கு. காலையில எழுந்தா நாள் பூரா என்னுதா இருக்கு. அதைப் பாத்தா பயமா இருக்கு."

"அதுக்கு?"

"நீ கத்து."

"நானா?"

"உனக்குக் கத்த வராதுன்னு சத்தியம் பண்ணுவியா?"

"வயித்தைக் கிழிச்சுத் தைச்சதுல இருந்து கத்தினா தையல் இழுக்குது."

"மெதுவாக் கத்து."

மறுநாளே அவள் மேஸ்திரி வேலையை ஏற்றுக்கொண்டாள். நாளுக்கு ஒரு சதுர அடி. தையல் நாடாவைக் கொண்டுபோய் அளப்பாள். அடி முடிந்தால்தான் சாயங்கால டீ. நடுவில் சத்தம் ஓய்ந்தால் முன்னறையிலிருந்தே குரல் கொடுப்பாள்: "என்ன மாப்ள, மாமனார் வீட்டு விருந்துக்கா வந்திருக்கே? கையை நகத்து!" அப்படியே அண்ணன் குரல். அது இத்தனை வருஷம் தன் தொண்டைக்குள் குடியிருந்தது அவளுக்கே தெரியாது. உள்ளே துண்டு திடுக்கிட்டுச் சில்லை எடுப்பான். முதலில் இருவருக்கும் சிரிப்பாக இருந்தது. பிறகு பழகிவிட்டது. பழகிய பிறகு சிரிப்பில்லை, வேலை மட்டும் நடந்தது.

வேலை நடந்ததைச் சொல்லத்தான் வேண்டும். பலகைகள் கீழிருந்து மேலாக நிறைந்தன. ஈரத்தரை, கால்கள், உடுப்பு, முகங்கள். இரண்டு மாதம் கடப்பதற்குள் மூன்று பலகை. தையல்காரி மனசுக்குள் கூட்டிப் பார்த்தாள். இந்த வேகத்தில் போனால் வண்டி வருவதற்கு முன்னாலேயே முடிந்துவிடும். ஒன்று மட்டும் அவளுக்கு லேசாக உறுத்தியது. முன்பெல்லாம் சாப்பிடும்போது மழையில் நிற்கிற ஆளைப் பற்றி, அவன் பையில் என்ன இருக்கும் என்பதைப் பற்றியெல்லாம் பேசுகிறவன், இப்போது தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுவிட்டு எழுந்துபோனான். களைப்பு என்று நினைத்துக்கொண்டாள்.

ஒரு நாள் காலையிலிருந்து பின்னறையில் சத்தம் ஓயவே இல்லை. டக் டக் டக் என்று உளியும் சுத்தியும். அவள் கத்த வேண்டிய தேவையே வரவில்லை. சந்தோஷத்தில் அளக்காமலே டீ கொடுத்தாள். அவன் கதவைப் பாதி திறந்து வாங்கிக்கொண்டான். இரண்டாவது நாள் மேஸ்திரி வந்தான். வாரத்துக்கு ஒருமுறை வருவான். கடனைக் கேட்பதாகச் சொல்லித்தான் வருவான். டீ குடித்து, காலை நீட்டி, அரைமணி உட்கார்ந்துவிட்டுப் போவான்.

"என்ன தங்கச்சி, உன் வீட்டு ராஜா என்ன பண்றாரு?"

"காது இருக்கில்ல? கேளுண்ணே. நேத்துக் காலையில ஆரம்பிச்சது. நீ கத்தினாக்கூட இப்படி வேலை செஞ்சிருக்க மாட்டாரு."

மேஸ்திரி டீயை வாய்க்குக் கொண்டுபோனவன் நிறுத்தினான். தலையைச் சாய்த்தான். டக் டக் டக் டக்.

"எத்தனை நாளா இப்படி?"

"ரெண்டு நாளா. ஏன்?"

"தங்கச்சி, இது ஒட்டுற சத்தமில்ல."

"பின்னே?"

"ஒட்டுறவன் தட்டிட்டு நிப்பான். பாப்பான். அப்புறம் தட்டுவான். இவன் நிக்கவே இல்லை பாரு. தட்டினதும் என்னமோ கீழ விழுது, அதுவும் கேக்குது." டம்ளரைக் கீழே வைத்தான். "இது பேக்குற சத்தம்."

அவள் எழுந்து ஓடினாள். அண்ணன் பின்னாலேயே வந்தான்.

பின்னறை முழுக்கப் புழுதி. இரண்டாம் பலகையும் மூன்றாம் பலகையும் மொட்டையாக, உளி பட்ட தழும்போடு நின்றன. தரையில் சில்லும் சிமெண்டும் குவிந்து கிடந்தது. துண்டு முகத்தில் ஈரத்துணியைக் கட்டிக்கொண்டு நின்றான். அவர்களைப் பார்த்ததும் துணியை இறக்கினான்.

"வாங்க மச்சான்."

"என்னங்க இது?"

"பேத்துட்டேன்."

"ரெண்டு பலகையா! நான் தொண்டை தண்ணி வத்தக் கத்தி, நாடாப் புடிச்சு அளந்து... ரெண்டு பலகையா!"

மேஸ்திரி அவளைக் கையமர்த்தினான். ஒட்டியபடி மிஞ்சியிருந்த முதல் பலகையிடம் போய் விரலால் தடவிப் பார்த்தான்.

"ஏன் மாப்ள? மட்டம் சரியா இருக்கு. சந்து சரியா இருக்கு. ஒரு குறை சொல்ல முடியாதே."

"அதான் மச்சான் குறை. மழைக்கு ஒதுங்குனவன் எவனாவது மட்டம் பாத்து நிப்பானா? நல்லாப் பாருங்க. சனிக்கிழமை உங்ககிட்டக் கூலி வாங்க வரிசையில நிக்கிற மாதிரி நிக்கிறாங்க எல்லாரும்."

மேஸ்திரி பார்த்தான். "ஆமா" என்று அவனையறியாமல் வந்துவிட்டது. உடனே சுதாரித்துக்கொண்டு, "அது உனக்கும் எனக்கும்தான் தெரியும். டாக்டரம்மாவுக்குத் தெரியவா போகுது?"

"எனக்குத் தெரியுதே."

"தெரியுறதுக்கெல்லாம் எவனும் கூலி குடுக்க மாட்டான் மாப்ள." அவன் குரலில் கோபமில்லை. "நான் கெட்டவன் இல்லை. ஆனா தேதி தேதிதான். முதல் தேதி வண்டி வரும். பையைக் கட்டி வெச்சுக்கோ."

போய்விட்டான். டீ பாதி டம்ளரில் ஆறிக் கிடந்தது.

அன்றைக்கு அவள் அவனோடு பேசவில்லை. பேசினால் அண்ணன் குரல்தான் வரும் என்று பயம். அவன் புழுதியைக் கூட்டி அள்ளினான். நல்ல சில்லு, உடைந்த சில்லு என்று பிரிக்கப் போனவன், அவள் பார்ப்பதைப் பார்த்துவிட்டு அப்படியே விட்டுவிட்டான்.

மறுநாள் காலை ஒரு பள்ளிச் சட்டைக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தாள். ஒருபக்கம் இழுத்தது. நூலை வெட்டிப் பிரித்தாள். மறுபடி வைத்தாள். அப்போதும் ஒரு நூல் அகலம் இழுத்தது. யாருக்கும் தெரியாது. போடப்போகிற பையனுக்கு நிச்சயம் தெரியாது. முணுமுணுத்துக்கொண்டே மறுபடி பிரித்தாள். பாதி பிரிக்கும்போது கை நின்றது. இதே சட்டையை இரண்டாம் தடவை பிரிக்கிறோம். இதற்காக யாரும் நமக்கு டீ தராமல் நிறுத்தவில்லையே என்று நினைத்தாள். அந்த நினைப்பு அவளுக்குப் பிடிக்கவில்லை. சட்டையை மிஷின் மேல் போட்டாள். பிறகு எழுந்து பின்னறைக்குப் போனாள்.

அவன் குளிக்கப் போயிருந்தான். வெளிச்சம் பலகைகளின் மேல் நேராக விழுந்தது. நேற்று கோபத்தில் பார்க்காத ஒன்று இன்று கண்ணில் பட்டது. மூன்றாம் பலகையை அவன் முழுதாகப் பேர்க்கவில்லை. அடியில் ஒரு சாண் இடத்தை விட்டிருந்தான். இரண்டு கால்கள். யாரோ ஒருவன் ஒரு பாதத்தைத் தூக்கி இன்னொரு பாதத்தின் மேல் வைத்துக்கொண்டிருந்தான். தரையில் தண்ணீர் ஓடுகிறது, நிற்க இடமில்லை. தூக்கிய பாதத்தின் விரல்கள் சுருங்கியிருந்தன. செருப்பில்லை, புதுச் செருப்பாக இருக்கும், கழற்றிக் கக்கத்தில் வைத்திருப்பான். அந்த விரல்களில் எந்தச் சில்லும் இன்னொன்றைப் போல இல்லை. பழுப்பு, சிவப்பு, ஒரு இடத்தில் பச்சைகூட. பார்த்துக்கொண்டே இருந்தவள் தன் கால்விரல்கள் சில்லென்று மடங்குவதை உணர்ந்தாள்.

துண்டு தலையைத் துவட்டிக்கொண்டு வந்து வாசலில் நின்றான்.

"இதை எப்பச் செஞ்சீங்க?"

"நீ பட்டன் வாங்கச் சந்தைக்குப் போன அன்னைக்கு."

"எவ்வளவு நேரம்?"

"அன்னைக்குப் பூரா அதான்."

அவள் யோசித்தாள். "அன்னைக்கு வந்து அளந்தேன். அரை அடிகூட இல்லை. டீ தரலை."

"ஆமா. தரலை."

அவள் குனிந்து அந்தக் காலைத் தொட்டுப் பார்த்தாள்.

"இவன் ஒருத்தன்தான் நனைஞ்சிருக்கான்" என்றாள்.

"அதான். மத்தவங்க எல்லாம் காஞ்சு போயிருந்தாங்க."

"அப்ப நான் கத்தக் கூடாது."

"கத்தாம இருந்தா பழையபடி நீலம் குழம்பிடுமே" என்றான். விளையாட்டாகச் சொல்லவில்லை. நிஜமான பயம். "என்னை எனக்குத் தெரியும். உக்காரவே மாட்டேன்."

அவள் நாடாவைக் கழுத்திலிருந்து எடுத்துச் சுருட்டினாள். வெட்டுவதற்கு முன்னால் துணியைப் பார்ப்பதுபோல் அவனைப் பார்த்தாள்.

"சரி. உக்கார்றதுக்கு மட்டும் நான் கேப்பேன். அடி கேக்க மாட்டேன். என் மிஷின் ஓடுற நேரம் பூரா நீங்க பலகை முன்னால இருக்கணும். ஒட்டுங்க. பேருங்க. ஒண்ணும் தோணலைன்னா சும்மா அதையே பாருங்க. ஆனா பக்கெட்டைக் கழுவக் கூடாது, அலமாரியைத் தொடக் கூடாது, கடைத்தெருவுக்குப் போகக் கூடாது. நான் எந்திரிச்சா நீங்களும் எந்திரிக்கலாம்."

"முதல் தேதி?"

"அதை நான் பாத்துக்கறேன்."

அன்று மாலையே அண்ணன் வேலை நடக்கும் இடத்துக்குப் போனாள். கட்டி முடியாத மாடிப்படியில் அவன் உட்கார்ந்து ஆட்களுக்குச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தான். தங்கச்சியைப் பார்த்ததும் சாக்கு ஒன்றைத் தட்டிப் பக்கத்தில் விரித்தான்.

"அண்ணே, கல்லு யார் வயித்துல இருந்துச்சு?"

"இதென்ன கேள்வி? உன் வயித்துல."

"அப்ப கடனும் என்னுது. அவர் பேரை எடுத்துடு. என் பேரைப் போடு."

"உன்னை வண்டியேத்திட்டுப் போயி நான் டைல்ஸ் ஒட்டச் சொல்லவா?"

"நாற்பது ஆளோட ஓட்டலுக்குப் போற. அங்க எல்லாரும் ஒரே மாதிரி வேலைச் சட்டை போடணும்னு சொல்லியிருக்காங்கல்ல? வெளிச்சம் பட்டா மின்னுற பட்டி வெச்சது. கடையில விலை கேட்டியா?"

மேஸ்திரி தாடையைச் சொறிந்தான். கேட்டிருந்தான். தலைசுற்றித் திரும்பியிருந்தான்.

"ஆளுக்கு மூணு சட்டை, மூணு பேண்ட்டு. துணி நீ வாங்கிக் குடு. கூலியைக் கடன்ல கழி. அப்புறமும் தையல் விட்டா, கிழிஞ்சா, மூட்டை கட்டி அனுப்பு. அதையும் கழி. மிச்சத்தை டாக்டரம்மா பணம் வந்ததும் எண்ணி வெக்கிறேன்."

"கூலி என்ன?"

சொன்னாள்.

"அடியே, நீ என் தங்கச்சியா, கொள்ளைக்காரியா?"

"கடை விலையில பாதி."

"பாதின்னா அதுல இன்னும் கொஞ்சம் கொறை."

"வயிறு வேற வாய் வேறன்னு கத்துக்குடுத்தவன் நீதானே. கொறைக்க மாட்டேன்."

மேஸ்திரி சிரித்துவிட்டான். மேலே ஒருத்தன் பல்லைக் காட்டி வேடிக்கை பார்ப்பதைக் கண்டு, "என்னடா பல்லு?" என்று கத்திவிட்டு, குரலைத் தாழ்த்தி, "டைல்ஸ் கட்டிங்குக்கு எனக்கு வேற எவனும் கெடைக்க மாட்டான் தங்கச்சி. வளைவு வெட்டணும்னா அவன்தான். நான் கடனுக்காக மட்டும் அவனைக் கூப்பிடலை" என்றான்.

"தெரியும்ணே. அந்தக் கை சுவத்துக்கு வேணும், அதுக்குத்தான் அவர் போகாம இருக்கணும்."

முதல் தேதி வண்டி வந்தது. ஆட்கள் ஏறினார்கள். தைத்து அடுக்கிய சட்டை மூட்டைகளில் முதல் இரண்டு ஏறின. துண்டு வாசலில் நின்று கையசைத்துவிட்டு உள்ளே போனான்.

டாக்டரம்மாவிடமும் அவளேதான் போனாள். திறப்புவிழா நெருங்கிவிட்டது, சுவர் மொட்டையாக இருந்தால் எப்படி என்று அவர்கள் முகம் சுளித்தார்கள். "மொட்டை தெரியாம ஒரு திரை தைச்சுப் போடறேன்மா. காசு வேண்டாம். படம் முடியாமலே போனா அந்தத் திரையையே வெச்சுக்குங்க" என்றாள். டாக்டரம்மாவுக்குத் திரை பிடித்திருந்தது. அது சுவருக்கு முன்னால் தொங்க, மருத்துவமனை நடந்தது.

வீட்டில் புது ஒழுங்கு வந்தது. காலையில் மிஷின் சத்தம் கிளம்பும். பின்னறையில் நாற்காலி இழுபடும். சில நாள் குறடு சில்லைக் கடிக்கும் ஓசை கேட்டுக்கொண்டே இருக்கும். சில நாள் டக் டக் என்று பேர்க்கும். சில நாள் ஒன்றுமே கேட்காது. அதுதான் அவளுக்குக் கஷ்டமான நாள். தொண்டையில் அண்ணன் வந்து உட்கார்ந்துகொள்வான். விழுங்கிக்கொண்டு மிஷினை மிதிப்பாள். தூங்கிவிட்டானோ என்று ஒருமுறை மெல்லப் போய் எட்டிப் பார்த்தாள். அவன் கையைக் கட்டிக்கொண்டு பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தான். வேலைக்கு வந்தவன் முகம்தான் அது. வந்த சுவடு தெரியாமல் திரும்பினாள்.

அந்த ஒழுங்கு அவளையும் சும்மா விடவில்லை. முன்பு இடுப்பு வலித்தால் எழுந்து தெருவை வேடிக்கை பார்ப்பாள். இப்போது தான் எழுந்தால் அவனும் எழுந்துவிடுவானே என்று பல்லைக் கடித்து உட்கார்ந்தாள். ஒருநாள் தைக்கத் துணி தீர்ந்துவிட்டது. உள்ளே குறடு மும்முரமாகக் கடித்துக்கொண்டிருந்தது. நூல் கோக்காத ஊசியோடு வெறும் மிஷினை மதியம் வரை மிதித்தாள். பக்கத்து வீட்டுக்காரி வந்து பார்த்துவிட்டு, "உனக்கென்ன பைத்தியமா?" என்று கேட்டாள்.

"ஒருத்தருக்கு இருந்தா போதாதாம். வீட்டுக்கு ரெண்டு வேணுமாம்" என்றாள் தையல்காரி.

தாழ்வாரத்து ஜனங்கள் ஒவ்வொருவராக நனைந்தார்கள். செருப்பைக் கக்கத்தில் இடுக்கியவன் முழுதாக எழுந்து நின்றான். பிள்ளையின் தலையைத் தன் சட்டைக்குள் விட்டு மூடிக்கொண்ட ஒருத்தி வந்தாள். குடையை வைத்துக்கொண்டே விரிக்க மறந்து நின்ற கிழவர் ஒருவர். முதல் பலகையையும் ஒருநாள் பேர்த்தான். அன்றைக்கு அவளே டீயைக் கொண்டுபோய் வைத்துவிட்டு, குவியலைப் பார்த்து, "வழுக்கிடாம பாத்து நில்லுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தாள்.

ஓட்டல் வேலைக்கு நடுவே மேஸ்திரி விடுமுறையில் ஊருக்கு வந்திருந்தபோது ஆறு பலகையும் முடிந்திருந்தன. ஞாயிற்றுக்கிழமை, மருத்துவமனை பூட்டியிருந்த நேரம், வண்டி வைத்துக் கொண்டுபோனார்கள். யாரும் கூப்பிடாமலே மேஸ்திரி மட்டம் பார்க்கும் ரசமட்டத்தோடு வந்தான். "சுவத்துல ஏத்துறது உன்னால தனியா ஆகாது. கொக்கு வேற, பாரம் வேற" என்றான். பலகைகளைத் தோளில் தாங்கினான், திருகினான், சந்தைப் பூசினான், ஈரத்துணியால் துடைத்தான். பின்னால் நகர்ந்து காத்திருப்போர் பெஞ்சில் உட்கார்ந்தான். வெகுநேரம் படத்தைப் பார்த்தான். பிறகு பெஞ்சில் தான் உட்கார்ந்த இடத்திலிருந்து கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தான். யாருக்கோ இடம் விடுகிறவனைப்போல.

"எவனும் மட்டத்துல நிக்கலை மாப்ள" என்றான்.

"இல்லை மச்சான்."

"ம்." ரசமட்டத்தைத் துடைத்துப் பையில் போட்டான்.

டாக்டரம்மா பேசியபடி பணத்தைக் கொடுத்தார்கள். திரையைத் தையல்காரி திருப்பி எடுத்துக்கொண்டாள்.

மேஸ்திரி ஓட்டல் வேலைக்குத் திரும்பக் கிளம்புவதற்கு முன்னால் ஒரு மாலை வீட்டுக்கு வந்தான். சட்டைக் கூலியிலேயே பாதிக்கு மேல் கழிந்திருந்தது. மீதி பதினெட்டாயிரத்து இருநூறு. அவள் அதைக் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தாள். ஞாயிற்றுக்கிழமைக் கூலியைத் தனியாகப் பக்கத்தில் வைத்தாள்.

"தங்கச்சி வீட்டு வேலைக்குக் கூலியா?"

"வாங்கிக்கண்ணே."

வாங்கிக்கொண்டான். எச்சில் தொட்டு எண்ணினான். இரண்டாம் தடவையும் எண்ணினான். சரியாக இருந்தது. சட்டைப்பையில் வைத்துப் பொத்தானைப் போட்டான். துண்டு பக்கத்தில் முட்டியைத் தடவியபடி உட்கார்ந்திருந்தான்.

"நாளைக்கு என்ன வேலை மாப்ள?"

"தெரியலை மச்சான். ரெண்டு புதுப் பலகை வாங்கிப் போட்டிருக்கேன். உக்காருவேன்."

மேஸ்திரி தலையாட்டினான். டீ தீர்ந்துவிட்டது. ஆனாலும் எழவில்லை. வாசலைப் பார்த்தான், டம்ளரைப் பார்த்தான், பையைத் தொட்டுப் பார்த்தான்.

"என்னண்ணே? குறையுதா?"

"இல்லை, சரியாத்தான் இருக்கு." டம்ளரை நகர்த்தி, "இத்தனை நாளும் கடன் கேக்குறேன்னு சொல்லிட்டு வந்து உக்காந்துட்டுப் போவேன். இனி எதைச் சொல்லிட்டு வர்றது?" என்றான்.

தையல்காரி அவன் டம்ளரை எடுத்தாள். இன்னொரு டீ போட உள்ளே திரும்பியவள், நின்று சொன்னாள்:

"சும்மா வாண்ணே. ஆனா மதியத்துக்கு மேல வா. அதுவரைக்கும் நாங்க ரெண்டு பேரும் வேலையில இருப்போம்."